மஞ்சள் அம்பு

“தம்பி, மவுஸ் அம்பு கண்ணுலயே பட மாட்டேங்குது. பெருசாக்குங்க.”

லேப்டாப் மெக்கானிக் பெரிதாக்கினார். ஒரு வருஷம் காத்துக் கிடந்து, அவருடைய அம்மாவின் ஆபரேஷனுக்கு ஒருவழியாக நாளைக்குத் தேதி கிடைத்திருந்தது. சீக்கிரம் வீடு போக வேண்டும்.

“இப்போ தெரியுதா சார்?”

“எங்க?”

மஞ்சள் நிறம் கொடுத்து, அளவைக் கடைசிவரை இழுத்தார். அம்பு காக்கா அளவு வளர்ந்து பாதித் திரையை அடைத்தது.

“ஆங்... ஏதோ மஞ்சளா அசையுது. போதும். வெளியில மூச்சு விடாதீங்க, பொழப்பு போயிடும்.”

“சத்தியமா விடமாட்டேன் சார்.”

“அப்படியே, நாளைக்கு என்கிட்ட ஆபரேஷனுக்கு வர்றவங்க லிஸ்டையும் படிச்சிடுங்க.”

முதல் வரியில் அம்மாவின் பெயர். பக்கத்தில், ‘இடது கண்’.

“சார், இது எங்கம்மா!”

“அப்படியா! கவலையே படாதீங்க, என் பொறுப்பு” என்ற டாக்டர், மெக்கானிக்கின் கை என்று நினைத்து மேஜை விளக்கின் கழுத்தைப் பிடித்துக் குலுக்கினார்.