ஊட்டிவிட்ட சோறு

வேலையிலிருந்து வந்ததும் மகளின் இடது கையைத்தான் பார்த்தாள்.

சுத்தமாக இருந்தது. உள்ளங்கையில் மஞ்சள் கறை இல்லை. நகக்கண்ணில் ஒரு பருக்கை இல்லை.

தட்டு மட்டும் காலி.

வலது கையில் அவள் காலையில் மாட்டிவிட்ட துணி உறை அப்படியே இருந்தது. அதைக் கழற்றாமலே காரியத்தைக் கெடுத்திருக்கிறார்கள்.

"யாருட்டி ஊட்டுனா?"

தன்ஷிகா திரும்பி அத்தையைப் பார்த்தாள்.

"நாந்தான்," என்றாள் நாத்தனார். "புள்ள பசியில அழுதா. பீச்சாங்கையால சோத்தை அள்ளுதா, பாக்கவே சகிக்கல."

பீச்சாங்கை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறந்ததிலிருந்து மடங்கியே கிடக்கிற கை. நல்ல கையைக் கட்டிப்போட்டால்தான் இந்தக் கை வேலை செய்யப் பழகும் என்று பிசியோதெரபி பார்க்கிற டாக்டரம்மா சொல்லியிருந்தார். விளையாட்டும் அந்தக் கையால்தான். சாப்பாடும் அந்தக் கையால்தான். பிள்ளைக்கு இப்போது பிடிக்க வருகிறது. பிடித்ததைக் கீழே விடத்தான் வரவில்லை. விரல் திறக்க மாட்டேன் என்கிறது.

"தினமும் ஊட்டுதீங்களா?"

"பின்னே? பச்சப்புள்ளையப் பட்டினி போடச் சொல்லுதியா?"

பாசமாம். அவள் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் இதுதான் நடந்திருக்கிறது. எத்தனை நாள் உழைப்பு, அத்தனையும் பாழ்.

"நாளைக்கு இவ போற எடத்துக்கெல்லாம் நீங்க கூடவே போயி ஊட்டுவீங்களா மதினி?"

"நாலு பேரு முன்னாடி பீச்சாங்கையால தின்னா நம்மளத்தான் காறித் துப்புவாவ."

"துப்பட்டும்!"

அடுக்களைக்குப் போனாள். சாம்பார் சோற்றைப் பிசைந்து தட்டில் போட்டுக்கொண்டு வந்து மகள் முன்னால் டங்கென்று வைத்தாள்.

"சாப்பிடு."

"பசிக்கலம்மா."

பசிக்காதுதான். வயிறு முட்ட ஊட்டியாகிவிட்டதே. வற்புறுத்துவது தப்பு என்று அவளுக்கும் தெரியும். கோபம் கேட்கவில்லை.

"ஒரே ஒரு வாய். அந்தக் கையால."

பிள்ளை உதட்டைப் பிதுக்கியது. இடது கையைத் தட்டுக்கு இழுத்து வந்தது. சோற்றைப் பிடித்தது. கை பாதி தூரம் வந்து நின்று நடுங்கியது. முகமெல்லாம் சிவந்துவிட்டது.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. குனிந்து ஒரு உருண்டை உருட்டினாள்.

"தொடாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நாத்தனார் கையிலிருந்த உருண்டை தட்டிலேயே விழுந்தது.

தன்ஷிகா வீறிட்டாள். "நீ கெட்ட அம்மா! போ!"

சோறு பறந்து வந்து அவள் முகத்தில் அப்பியது.

கண்ணில் சாம்பார். எரிந்தது.

"ஐயோ, பெத்தவ மூஞ்சியிலயா! அதுவும் பீச்சாங்கையால!" நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் முகத்தைத் துடைக்கவில்லை. எரிகிற கண்ணைக் கொட்டக் கொட்டத் திறந்து மகளின் கையையே பார்த்தாள். ஐந்து விரலும் விரிந்திருந்தன.

தட்டை மகள் பக்கம் இன்னும் நெருக்கித் தள்ளினாள்.

"இன்னும் சோறு இருக்கு. எறி."