மூஞ்சி தெரியணும்

"இதுல எவன் நம்ம பையன்?"

பெயிண்டர் கேட்பது இது மூன்றாவது முறை. திரையில், மலை உச்சி ராணுவ முகாமில் வீரர்கள் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் வரலைங்க. கொஞ்சம் பொறுங்க" என்றாள் மனைவி.

பெயிண்டர் சொன்னால் சொன்னதுதான். ஏணியில் ஏறும்முன் உள்ளங்காலைக் கெண்டைக்காலில் துடைக்க மறந்ததற்காக மகனுக்கு அவர் கொடுத்த அடி கொஞ்சமா? அந்தப் பயல்தான் சுண்ணாம்பு வாளியைப் போட்டுவிட்டு நடிக்க ஓடினான். போன வாரம் இவர் ஒரு முடிவு சொன்னார்.

"படத்துல ஒரே ஒரு தடவை உன் மூஞ்சி தெரியட்டும், உன் இஷ்டப்படி இரு. தெரியலைன்னா மறுநாளே பிரஷ்ஷைப் பிடிக்கணும்."

மகன் தலையாட்டினான். டிக்கெட் வாங்கிக் கொடுத்தவன், தியேட்டர் பக்கம் மட்டும் வரவில்லை.

பக்கத்து இருக்கைப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்க பையன் நடிச்சிருக்கானாக்கா? எந்த வேஷம்?"

"சின்ன வேஷம்மா."

அதன்பின் ஒவ்வொரு வீரன் குண்டடிபட்டு விழும்போதும், "இவனாக்கா?" என்று அவள் பதறினாள். "இல்லம்மா" என்று சொல்லிச் சொல்லி இவளுக்கு அலுத்துவிட்டது.

இடைவேளைக்குப் பிறகு வயர்லெஸ் செத்தது. தண்ணீர் தீர்ந்தது. எதிரிகள் கறுப்புத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு எறும்புக் கூட்டமாக மதில் வரை வந்துவிட்டார்கள். முகாமில் மிஞ்சியது நாலே வீரர்கள்.

"நாலு பேர்லயும் நம்மாளு இல்ல" என்றார் பெயிண்டர். "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. அவன் சீனை வெட்டிட்டானுங்க. கிளம்பு."

அவர் காலால் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

"ரெண்டு நிமிஷங்க. முடிஞ்சிடும்."

"முடிஞ்சப்புறம் அவன் வந்து என்ன செய்யப்போறான்?"

பக்கத்து இருக்கைப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்கக்கா. ஒருத்தனும் மதிலைத் தாண்டி உள்ள வர முடியாது."

இவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

எதிரிகள் மதிலில் ஏணியைச் சாய்த்தார்கள். ஒருவன் ஓடி வந்தான். ஏணியில் கால் வைக்கப்போனவன் ஒரு கணம் நின்று, பூட்ஸின் அடியைப் பேன்ட்டில் தேய்த்தான். அடுத்த காலையும் தேய்த்தான். பிறகு மளமளவென்று ஏறினான்.

செருப்பு தேடிய கால் நின்றது.

அவன் உச்சியைத் தொட்டதும் கதாநாயகன் சுட்டான். அந்த உயரத்திலிருந்து தலைகீழாக விழுந்தான் எதிரி. தியேட்டரே விசிலடித்தது. "ஒழிஞ்சான் சனியன்" என்றாள் பக்கத்து இருக்கைப் பெண்.

பெயிண்டர் எழுந்து நின்று கை தட்டினார். பின் வரிசையில் திட்டினார்கள். அவர் உட்காரவில்லை.

"சாருக்கு என்ன சந்தோஷம் பாருங்க" என்று சிரித்தாள் பக்கத்து இருக்கைப் பெண். "ஆனா பாவம், உங்க பையன்தான் கடைசி வரைக்கும் வரவே இல்ல."

"வந்தானேம்மா" என்றார் பெயிண்டர். "இப்பத்தான் சுட்டாங்க."

மனைவி மெல்ல அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முகத்தைத் துணியால் மூடிவிட்டார்கள் என்று மகன் போனில் அழுததை அவள் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

"மூஞ்சி தெரியலையேங்க..."

"அதான் காலைத் தொடச்சான்ல" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.