டொரண்டோவிலிருந்து ஒன்றரை நாள்

“மூத்த மகன் வர்றப்போ இப்பிடிப் பரட்டத் தலையோடவா இருப்பீங்க, மாமா?” என்றபடி இருளப்பனின் உச்சியில் நல்லெண்ணெயைக் கவிழ்த்தாள் மருமகள் விஜயா. இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்தவர், தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் சுவரோடு சாய்ந்து கல்யாண மாப்பிள்ளை போலச் சிரித்தார்.

“சுடலைமணி எப்ப வாரான்?”

“டொரண்டோவுல பிளேன் ஏறுனா ஒன்றரை நாளுங்கப்பா,” என்றான் இளையவன் பாலகுமார்.

“ஒன்றரை நாளா? நாங்க தலைமன்னார்ல கப்பல் ஏறி மூணு மணி நேரத்துல ராமேஸ்வரம் வந்துட்டமே!”

“அது வாய்க்காலத் தாண்டுற மாதிரிங்க. இது பதிமூணாயிரம் கிலோமீட்டருங்க. பறக்குறதே இருவது மணி நேரத்துக்குக் கிட்ட. நடுவுல துபாய்ல எறங்கி ஏறோணும். அப்புறம் கோயம்புத்தூர்ல இருந்து மலை ஏறோணும்.”

“நாலு வருசமா லீவு தராத முதலாளி இப்ப மட்டும் எப்பிடித் தந்தான்?”

பாலகுமார் மனைவியைப் பார்த்தான். “இந்தத் தடவ குடுத்துருவாருங்கப்பா.”

தேயிலை விலை படுத்து, ஃபேக்டரி மூடி, பக்கத்து வீடுகளெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டன. பாலகுமாருக்கும் விஜயாவுக்கும் அங்கே வேலை தயார். கிழவரை என்ன செய்வது என்பதுதான் ஆறு மாதமாக அந்த வீட்டில் ஓயாத பேச்சு.

கிழவருக்கும் அது தெரியும். பெரியவனை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் எமன் வந்தால் நானே கதவைத் திறந்துவிடுகிறேன் என்பார். பாவம், அந்த ஒரே ஆசையில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

விஜயா மலைக் குழாய்த் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினாள். குன்னூர்க் குளிரில் அவருடைய உடம்பு வெடவெடத்தது.

“சுடுதண்ணி இல்லியா, புள்ள?”

“எங்கம்மா ஊருல படுக்கையில கெடக்குறவங்களுக்குப் எண்ணெ வச்சுப் பச்சத் தண்ணிதானுங்க மாமா ஊத்துவாங்க. ரெண்டு நாள்ல எல்லா நோவும் தீந்துருமுங்க.”

துடைத்துவிட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து வாங்கி வந்த இளநீரை வெட்டி நீட்டினாள். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“உங்க ரெண்டு பேரையும் எத்தினி நாள் மனசுக்குள்ள திட்டியிருக்கேன். மன்னிச்சிருங்க, புள்ள.”

விஜயா மூன்றாவது இளநீரைச் சீவினாள்.

செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கும் வேலியோரத்துக்கு நடந்தான் பாலகுமார். அப்பாவின் பல் தந்தியடிக்கும் சத்தம் அதுவரை கேட்டது.

மறுமுனையில் எடுத்ததும் குரலைக் கம்ம வைத்துக்கொண்டான். “அண்ணா, அப்பா போயிட்டாருங்க. முதலாளிகிட்டச் சொல்லி இப்பவே பிளேன் ஏறுங்க, நீங்க வந்து சேர்றதுக்கும் இங்க எடுக்கறதுக்கும் சரியா இருக்கும்.”