அட்டையில் யார் படம்?

ஓடு விரிசல்விட்ட ஆமை, சிங்க முதல்வரின் படம் போட்ட காப்பீட்டு அட்டையோடு ஓராண்டு நடந்து மருத்துவமனையை அடைந்தது.

"தேர்தலில் சிங்கம் தோற்றுவிட்டதே, அம்மா! இனி யானையார் படம் போட்ட அட்டைதான் செல்லும்," என்றது வாசலில் இருந்த கொக்கு.

"திட்டம் மாறிவிட்டதா?"

"திட்டம் அதேதான், படம்தான் வேறு. உங்கள் குளத்திலேயே புது அட்டை தருவார்கள்."

வலியைப் பொறுத்துக்கொண்டு குளத்துக்குத் திரும்பிய ஆமை, யானைப் பட அட்டையை வாங்கிக்கொண்டு மீண்டும் வந்து சேர்ந்தது. விரிசல் இப்போது கழுத்துவரை நீண்டிருந்தது.

கொக்கு காலால் தலையைச் சொறிந்தது. "நேற்றுதான் கரடியார் பதவியேற்றார், அம்மா."

"கரடியாரை விட்டுவிடு, தம்பி! என் நடைக்கு நான் திரும்பி வரும்போது யார் ஆள்வார் என்று மட்டும் சொல். அவர் படம் போட்ட அட்டையாகவே கேட்டு வாங்கி வருகிறேன்."