மானைத் துரத்திய சிங்கங்கள்

அருங்காட்சியகத்தில் இரண்டு பாரசீகக் கம்பளங்களை அருகருகே விரித்திருந்தார்கள். இரண்டிலும் ஒரு சிங்கம் மானைத் துரத்திக்கொண்டிருந்தது. ஆய்வாளர் ரெஹானா முடிச்சுகளையும் நிறங்களையும் உற்றுப் பார்த்தார். "இந்தக் கிழிசல்தான் பழசு. அது இதைப் பார்த்து நெய்த நகல். அதோட சிவப்பு ரசாயனச் சாயம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தன்னை அரண்மனைக் கம்பளத்துச் சிங்கமென்று நம்பியிருந்த நகல் சிங்கம் கூனிக் குறுகியது. "மன்னிச்சுக்குங்க ஐயா. உங்க உருவத்தை வெச்சுக்கிட்டுப் பெருமைப்பட்டுட்டேன்."

பழைய சிங்கத்துக்குக் கோபம் வரவில்லை. பலர் மிதித்து மிதித்து அதன் முகமே தேய்ந்துபோயிருந்தது.

"என்னைப் பார்த்துத்தானே தம்பி உன்னை நெய்தாங்க? அப்போ என் முகம் எப்படி இருந்துச்சு, சொல்லேன். எனக்கு மறந்துபோச்சு."

நகல் சிங்கம் தன் முகத்தைப் பார்த்ததில்லை. தனக்கு முன்னால் ஓடிய மானைக் கூப்பிட்டுக் கேட்டது. நடுங்கிக்கொண்டே மான் முதன்முதலாகத் திரும்பிப் பார்த்தது.

"பெரிய கண்ணு. சுருள் மீசை. அட, சிரிச்ச முகம்! இதுக்கா நான் இவ்வளவு காலம் ஓடினேன்?"

"நான் சிரிச்சுக்கிட்டா இருந்தேன்?" என்றது பழைய சிங்கம்.

"என் முகத்துல இன்னமும் சிரிக்கிறீங்க ஐயா" என்றது நகல்.