சாய்ந்தே நின்ற அண்ணன்

ஒரு மனிதரின் அடிவயிற்றுக்குள் தமனி என்று ஓர் அண்ணனும் சிரை என்று ஒரு தம்பியும் ஒட்டிக் குடியிருந்தார்கள். அண்ணன் வலது காலுக்கு ரத்தத்தை இறக்குவான். தம்பி இடது காலிலிருந்து ரத்தத்தை மேலே ஏற்றுவான். அண்ணனுக்குச் சாய்ந்து நின்றால்தான் வேலை ஓடும். நாற்பது வருஷமாகத் தம்பி மேல்தான் சாய்ந்திருந்தான். பின்னால் முதுகெலும்பு, முன்னால் அண்ணன். நடுவில் தம்பி சப்பையாகிப் போனான்.

ஒருநாள் தம்பிக்குள் ரத்தம் நகர வழியில்லாமல் கட்டியாக உறைந்தது. இடது கால் பூசணிக்காயாக வீங்கியது.

“எவனையோ உள்ள உட்கார வெச்சிருக்கான் பாருங்க. அவன் கிளம்பி நுரையீரலுக்குப் போனா நாம எல்லாருமே காலி,” என்று அண்ணன் முதுகெலும்பிடம் புலம்பினான்.

“அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளி நின்னா...” என்று தம்பி இழுத்தான்.

“நான் எங்க நிக்கணும்னு நீ சொல்றியா?”

டாக்டர் மெல்லிய குழாயை விட்டுக் கட்டியை உறிஞ்சி எடுத்தார். தம்பி மறுபடி நசுங்காமலிருக்க, அவனுக்குள் ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழலை விரித்து வைத்தார். கால் வீக்கம் வடிந்தது.

அண்ணன் நிம்மதியாகச் சாய்ந்தான். ஏதோ கெட்டியாக உறுத்தியது.

“யாருடா அது?”

“ஸ்டென்ட்டுங்க. நீங்க பாட்டுக்குச் சாயுங்க, எனக்கு ஒண்ணும் ஆகாது,” என்றது தம்பிக்குள்ளிருந்து ஒரு புதுக் குரல்.

அண்ணன் மெல்ல நிமிர்ந்தான். முதுகெலும்பிடம் வருத்தத்தோடு சொன்னான்:

“ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்ததிலேருந்து தம்பி முன்ன மாதிரி இல்லைங்க.”