நெல்லுக்கு வைத்த கற்கள்

கடைசி மூட்டையை வீட்டுக்குள் இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கற்களை எடுக்கவில்லை.

நெல் காயப்போட ஊரில் வேறு இடம் கிடையாது. களம் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. அதன் வாசலில் அவள் புருஷன்தான் செக்யூரிட்டி. அதனால் எல்லோரும் புது ரோட்டிலேயே காயப்போட்டார்கள். பாதி ரோடு நெல்லுக்கு, பாதி ரோடு காருக்கு.

நெல்மேல் ஏற்றிவிடக் கூடாதே என்று ஓரம் நெடுக இளநீர் அளவில் கற்கள் வைப்பார்கள். மண்ரோட்டுக் காலத்தில் மாட்டுவண்டிகூட கல்லைப் பார்த்து ஒதுங்கிப் போகும். இப்போது வருகிறவர்களுக்குப் பறக்கத்தான் தெரியும்.

இன்று கடல்காற்று சொல்லாமல் கொள்ளாமல் சீக்கிரமே திரும்பிவிட்டது. அந்த ஈரம் பட்டால் காய்ந்த நெல் நமுத்துப் போகும். அள்ளினாள், கட்டினாள், சுமந்தாள். நெல்லைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை.

வெளியே இருட்டிவிட்டது. ரோட்டுக்கு விளக்கு இன்னும் வரவில்லை. கம்பம் மட்டும் வந்திருக்கிறது, அதற்கே ஒரு திறப்புவிழா நடத்தினார்கள்.

புருஷன் வேலை முடிந்து வரும் நேரம். அவர் பைக்கின் முன்விளக்கு, இருக்கிறதா இல்லையா என்று பைக்குக்கே தெரியாது. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் மகளும் பின்னால் உட்கார்ந்து வருவாள்.

ஓடினாள். ஒரு செருப்பு எங்கேயோ கழன்று போனது. கடவுளே, கடவுளே என்பதற்கு மேல் வாயில் ஒன்றும் வரவில்லை.

ரோட்டில் ஈ காக்கை இல்லை. கற்கள் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தன.

ஒவ்வொன்றாக ரோட்டோரப் பள்ளத்தில் உருட்டித் தள்ளினாள். நகம் பிய்ந்தது. ஒரு கார் உரசுகிற மாதிரி போனது. உள்ளேயிருந்து யாரோ திட்டினார்கள். திட்டட்டும், தகும் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசிக் கல் வரிசையில் இல்லை, நடுரோட்டில் கிடந்தது. ஏதாவது லாரி தட்டிவிட்டிருக்கும். அதையும் உருட்டிக்கொண்டு போய்த் தள்ளினாள். பள்ளத்துக்குள் டங்கென்று தகரச் சத்தம் கேட்டது. ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் டிரம்மாக இருக்கும்.

அப்போதுதான் தூரத்தில் அந்த மங்கல் வெளிச்சம் தெரிந்தது. நெளிந்து நெளிந்து வந்தது. அவர்தான். போன உயிர் திரும்பி வந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பைக்கை நிறுத்தியவர் அவள் கோலத்தைப் பார்த்துச் சிரித்தார். பின்சீட்டில் யாரும் இல்லை.

"என்ன, புது வண்டியப் பாக்க ரோட்டுக்கே ஓடியாந்துட்டியா? உங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லிட்டுல்ல உம்பொண்ணு ஸ்கூட்டர் எடுத்தா, எனக்கு முன்னாடியே கெளம்பிட்டா... எங்க, வீட்டுல நிறுத்திட்டாளா?"

பள்ளத்தின் பக்கம் திரும்ப அவளுக்குப் பயமாக இருந்தது.